உப்புக் காற்றடிக்கும் வீட்டில் யுஎஸ்பி மைனர்: கோளாறு பார்ப்பதும் டியூன் செய்வதும்

விரல் நீளத்துக்கு ஒரு குச்சி. யுஎஸ்பி போர்ட்டில் சொருகினால் பிட்காயின் மைனிங் செய்யும். கீழக்கரை, தொண்டிப் பக்கம் சபுராளிகள், அதாவது வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள், ஊர் திரும்பும்போது பெட்டியில் கொண்டு வருகிறார்கள். மண்டபம், தங்கச்சிமடம் பக்கம் பையன்கள் ஆன்லைனில் வாங்குகிறார்கள். வாங்கிய கொஞ்ச நாளில் ஒரே மாதிரிப் புகார்தான் வரும்: "ஓடலை", "பாதி வேகம்தான் காட்டுது", "அடிக்கடி நின்னுபோகுது". நம் கரையில் இந்த மூன்றுக்கும் பெரும்பாலும் காரணம் ஒன்றே. குச்சிக்குச் சேர வேண்டிய கரன்ட் முழுசாகச் சேரவில்லை. சாஃப்ட்வேரைக் கலைத்துப் போட்டுத் தேடுவதற்கு முன்னால் அதைத்தான் பார்க்க வேண்டும். இந்தப் பதிவில் உள்ள வரிசையும் அதற்காகத்தான்.

இறங்குவதற்கு முன் பணக்கணக்கைச் சொல்லிவிடுகிறேன். மைனிங் என்றால் ஹாஷ் என்ற கணக்கை விடாமல் போட்டுப் போட்டுப் பார்ப்பது. சரியான விடை முதலில் கிடைத்தவருக்குப் பிட்காயின் கணக்கேட்டில் அடுத்த பக்கத்தை, அதாவது ஒரு பிளாக்கை, சேர்க்கும் உரிமையும் பரிசும் கிடைக்கும். 2024 ஏப்ரலுக்குப் பிறகு ஒரு பிளாக்குக்கான பரிசு 3.125 பிட்காயின். சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு பிளாக். உலகம் முழுக்க ஓடும் மைனர்களின் மொத்த வேகம் நொடிக்கு 100 கோடி டெராஹாஷ் என்று வைத்துக்கொள்ளுங்கள் (ஒரு டெராஹாஷ் என்பது லட்சம் கோடி ஹாஷ், ஒரு ஜிகாஹாஷ் என்பது 100 கோடி ஹாஷ்). அதில் 0.3 டெராஹாஷ் தரும் நல்ல குச்சி ஒன்று தனியாக ஓடினால், கணக்குப்படி 60,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகும் ஒரு பிளாக் கிடைக்க. ஆகவே வருமானத்துக்காக இதை வாங்காதீர்கள், கடன் வாங்கி வாங்கவே வாங்காதீர்கள். மின்சாரம், வெப்பம், நெட்வொர்க் மூன்றையும் ஒரே பொருளில் கைதொட்டுப் படிக்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது. அந்த ஆசை இருப்பவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். அதிர்ஷ்டம் அடித்து ஏதாவது கிடைத்தால், 2022 ஏப்ரல் முதல் இந்தியாவில் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி உண்டு என்பதும் நினைவில் இருக்கட்டும்.

கரன்ட் பில் பெரிதாக வராது. குச்சி 10 வாட், சின்ன ஃபேன் 2, குச்சியை ஓட்டும் ராஸ்பெரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டர் 4 என்று இரவு பகலாக ஓடினால் இரண்டு மாதத்துக்கு 23 யூனிட். ஆனால் உங்கள் வீடு ஏற்கெனவே 500 யூனிட் எல்லையை ஒட்டி நிற்கிறது என்றால் கவனம். அதைத் தாண்டினால் கீழ்ப்படி யூனிட்டுகளின் விலையும் ஏறிவிடும்.

கையில் வேண்டியவை: ஒரு யுஎஸ்பி மீட்டர், சாதாரண மல்டிமீட்டர், தனி அடாப்டர் உள்ள யுஎஸ்பி ஹப், 5 வோல்ட் ஃபேன், செல்போன் சர்வீஸ் கடைகளில் வைத்திருக்கும் ஐசோப்ரோபைல் ஆல்கஹால், பழைய டூத் பிரஷ்.

படி 1: என்ன வேகம் வர வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

தர வேண்டிய வேகம் தெரியாமல் "ஸ்லோவா ஓடுது" என்று சொல்வதில் அர்த்தமில்லை. 2013-ல் வந்த ஏசிக்மைனரின் பிளாக் எரப்டர் என்றால் நொடிக்கு சுமார் 0.33 ஜிகாஹாஷ்தான். அதில் டியூன் செய்ய ஒன்றும் இல்லை. கெக்கோசயின்ஸ் என்ற பெயரில் வரும் டூபேக், நியூபேக், காம்பேக் எஃப் குச்சிகளுக்கு எளிய கணக்கு உண்டு: சிப்பில் கணக்குப் போடும் கோர்களின் மொத்த எண்ணிக்கையை ஃப்ரீக்வன்சியால், அதாவது சிப் துடிக்கும் வேகத்தால், பெருக்குங்கள். டூபேக்கில் 55 கோர் கொண்ட சிப் இரண்டு. 100 மெகாஹெர்ட்ஸில் 11 ஜிகாஹாஷ். நியூபேக்கில் 114 கோர் கொண்டது இரண்டு. அதே 100-ல் 22.8 ஜிகாஹாஷ். காம்பேக் எஃப்-இல் சிப் ஒன்றுதான், ஆனால் 672 கோர். 200 மெகாஹெர்ட்ஸில் 134 ஜிகாஹாஷ், 400-ல் 269.

இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் குச்சி பக்கத்திலேயே ஒட்டிவையுங்கள். கணக்குக்கு நெருக்கமாக ஓடினால் குச்சி நலம்.

படி 2: கரன்டைப் பாருங்கள்

லேப்டாப்பின் யுஎஸ்பி 2.0 போர்ட் முறைப்படி தருவது 500 மில்லிஆம்பியர். நீல நிற 3.0 போர்ட் தருவது 900. பிளாக் எரப்டர் மாதிரிப் பழைய குச்சிக்கே 500 இழுபறி. காம்பேக் எஃப் வேகமாக ஓடும்போது 2 ஆம்பியர் பக்கம் போகும். அதை லேப்டாப்பில் நேராகச் சொருகுவது குச்சிக்கும் நல்லதில்லை, லேப்டாப்புக்கும் நல்லதில்லை. ஹப் வாங்கும்போது எத்தனை போர்ட் என்று பார்க்காதீர்கள், அடாப்டரில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். பத்து போர்ட் இருந்தும் 2 ஆம்பியர் அடாப்டர் என்றால் ஒரு குச்சியோடு சரி. ஹப்பில் இருந்து மெல்லிய எக்ஸ்டென்ஷன் கேபிள் இழுத்துக் குச்சியைத் தூரத்தில் வைக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம்.

இப்போது யுஎஸ்பி மீட்டரை நடுவில் சொருகிக் குச்சியை ஓடவிடுங்கள். சும்மா இருக்கும்போது 5.1 வோல்ட் காட்டுவது பெரிய விஷயமில்லை. மைனிங் ஆரம்பித்த பிறகு எவ்வளவு நிற்கிறது என்பதுதான் கேள்வி. 4.75-க்கு மேல் நின்றால் நல்லது. அதற்குக் கீழே இறங்கினால் அடுத்த படிக்குப் போங்கள், ஃப்ரீக்வன்சியைத் தொடாதீர்கள்.

படி 3: உப்பு

வெளியூர்க்காரர்கள் எழுதும் குறிப்புகளில் இது இருக்காது. நமக்கு இதுதான் முக்கியம். காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகமான சிக்ரி, இரும்பும் பூச்சும் கடல் காற்றில் எவ்வளவு நாள் தாங்கும் என்று சோதிக்க மண்டபத்தில் களம் வைத்திருக்கிறது. பாம்பன் பாலத்துக்குத் திரும்பத் திரும்பப் பெயின்ட் அடித்த கதை நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அந்தக் காற்றுதான் உங்கள் ஹப்புக்குள்ளும் போகிறது.

உப்பு என்ன செய்கிறது என்று ஒரு கணக்கில் பாருங்கள். யுஎஸ்பி பின்னின் மேல் படிந்த பாசி 0.2 ஓம் தடை தருகிறது என்று வையுங்கள். 2 ஆம்பியர் ஓடினால் அங்கேயே 0.4 வோல்ட் போய்விடும். 5 வோல்ட் 4.6 ஆகிவிடும். போன அந்த 0.4 வோல்ட் 0.8 வாட் சூடாக அந்தச் சின்ன முனையிலேயே நிற்கும். சூடு ஏறினால் முனை இன்னும் கெடும், தடை இன்னும் கூடும். உப்புத்தண்ணீர் ஓடி அடைத்துக்கொண்ட பைப் மாதிரி, மோட்டார் நன்றாக இருந்தும் குழாயில் சொட்டுத்தான் வரும்.

தங்கச்சிமடத்தில் இருந்து ஒரு தம்பி கொண்டு வந்தான். "அண்ணே, குச்சி செத்துப்போச்சு. வேற வாங்கணும்போல." விளக்கு வெளிச்சத்தில் பிளக்கைத் திருப்பிப் பார்த்தால் நான்கு பின்னில் ஓரத்துப் பின் மட்டும் மங்கலாக, விளிம்பில் பச்சை பூத்திருந்தது. ஓடவிட்டுப் பார்த்தால் மீட்டரில் 4.5 சொச்சம். ஆல்கஹாலில் தோய்த்த பிரஷ்ஷால் பின்னையும், ஹப்பின் போர்ட் உள்பக்கத்தையும் தேய்த்துக் காயவைத்துச் சொருகியதும் 4.9-க்கு வந்தது. குச்சியில் ஒரு குறையும் இல்லை.

சுத்தம் செய்யும் முறை: எல்லாவற்றையும் அணைத்துக் கழற்றுங்கள். ஆல்கஹாலைப் பிரஷ்ஷில் தொட்டுப் பின்களைத் தேயுங்கள், போர்டின் மேலும் கீழும் மெல்லத் தேயுங்கள். தண்ணீர், ஈரத்துணி, வாசனை ஸ்பிரே எதுவும் கூடாது. ஆல்கஹால் முழுக்க ஆவியாகும் வரை விட்டுவிட்டுப் பிறகு சொருகுங்கள். உப்பைப் பிளேடால் சுரண்டாதீர்கள். மேலே உள்ள தங்கப்பூச்சு போய்விட்டால் அடுத்த தடவை இன்னும் வேகமாக அரிக்கும்.

காற்றில் ஈரம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். நம் கரையில் ராத்திரிகளில் அது சர்வசாதாரணம். போர்டில் படிந்த உப்புத்தூசி அப்போது மின்சாரம் கடத்தும் படலமாகிவிடும். ஓடிக்கொண்டிருக்கும் போர்டு சூட்டில் காய்ந்தே இருக்கும். அணைத்துப் போட்ட போர்டில்தான் ஈரம் ஏறும். ஆகவே சில நாள் ஓட்டப் போவதில்லை என்றால், மூடி இறுகும் டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் கடலைப் பார்த்த ஜன்னலோரம் வைக்காதீர்கள். ஃபேன் வேறு அந்தக் காற்றை இழுத்து, சிப்பின் சூட்டை இறக்கும் ஹீட் சிங்க் தகட்டு இடுக்கெல்லாம் ஊதும். உள்ளறை, தரையில் இருந்து கொஞ்சம் உயரம், அவ்வளவு போதும்.

படி 4: கம்ப்யூட்டருக்குக் குச்சி தெரிகிறதா?

கரன்ட் சரியாக இருந்தும் சாஃப்ட்வேர் குச்சியைக் காட்டவில்லை என்றால் டிரைவர் பிரச்சினை. விண்டோஸில் சிஜிமைனர் என்ற மைனிங் சாஃப்ட்வேரை ஓட்டுவதானால் ஜாடிக் என்ற கருவியால் வின்யுஎஸ்பி டிரைவரைப் போட வேண்டும். இன்னொரு சாஃப்ட்வேரான பிஎஃப்ஜிமைனருக்கு அது ஆகாது, அதற்குக் காம் போர்ட்டாகத் தெரிய வைக்கும் சாதாரண டிரைவர் வேண்டும். ஒன்றுக்குப் போட்டதை வைத்து இன்னொன்றை ஓட்டப் பார்ப்பவர்கள்தான் அதிகம் தவிக்கிறார்கள். ஜாடிக்கில் பட்டியலைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள், கீபோர்டின் டிரைவரை மாற்றிவிடாதீர்கள். லினக்ஸிலோ ராஸ்பெரி பையிலோ யுஎஸ்பி பட்டியலில் குச்சி வருகிறது, மைனர் மட்டும் எடுக்கவில்லை என்றால் அனுமதிப் பிரச்சினை. ஒருமுறை ரூட்டாக, அதாவது முழு அனுமதியுள்ள பயனராக, ஓட்டிப் பாருங்கள். ஓடினால் அதுதான்.

நடுவில் திரையில் 'ஸோம்பி' என்று வந்தால், ஓடிக்கொண்டிருந்த குச்சி கம்ப்யூட்டரின் கண்ணில் இருந்து மறைந்துவிட்டது என்று பொருள். மறுபடி படி 2, படி 3.

மைனர் சாஃப்ட்வேரை அதை எழுதியவர்களின் இடத்தில் இருந்து மட்டும் எடுங்கள். யாரோ டெலிகிராமில் போட்ட ஜிப் ஃபைலில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. மைனருக்குத் தேவை வாலட்டின், அதாவது உங்கள் பிட்காயின் பணப்பையின், பெறும் முகவரி மட்டும். அந்தப் பணப்பையைத் திறக்கும் மீட்புச் சொற்களை எந்த மைனர் சாஃப்ட்வேர் கேட்டாலும் அது திருட்டு.

படி 5: பூல், ஷேர்

பல மைனர்கள் சேர்ந்து ஓடிப் பரிசைப் பங்கு போட்டுக்கொள்ளும் கூட்டுத்தான் பூல். நம் குச்சி வேலை செய்கிறது என்பதற்கு அடையாளமாகப் பூலுக்கு அனுப்பும் சின்ன விடைதான் ஷேர். பூல் முகவரி, போர்ட் எண், வொர்க்கர் பெயர் (பூலில் உங்கள் குச்சிக்கான பெயர்) மூன்றையும் எழுத்துப் பிசகாமல் கொடுத்தால் போதும். மைனிங்குக்கு டேட்டா மிகக் குறைவு, செல்போன் ஹாட்ஸ்பாட்டே தாங்கும். ஆனால் லைன் விட்டு விட்டு வந்தால் ஷேர் தாமதமாகிப் 'ரிஜெக்ட்' ஆகும். நூற்றுக்கு ஒன்றுக்குக் கீழே என்றால் கவலைப்படாதீர்கள்.

"அரை மணி நேரமா ஒரு ஷேரும் வரலை" என்று கலங்குவதற்கு முன் கணக்குப் போடுங்கள். கடினம் 1 உள்ள ஷேருக்குச் சராசரியாக 2-ன் 32-ஆம் அடுக்கு, அதாவது சுமார் 429 கோடி ஹாஷ் வேண்டும். பூல் 10,000 கடினம் கேட்டால், 134 ஜிகாஹாஷ் குச்சிக்கு ஒரு ஷேர் வர ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகும். சில நேரம் இருபது நிமிடமும் ஆகலாம். பெரிய மெஷின்களுக்கான பூலில் கடினம் பல மடங்கு இருக்கும். சின்னக் குச்சிகளை ஏற்கும் பூலாகப் பாருங்கள்.

படி 6: டியூன் செய்வது

இவ்வளவும் சரியான பிறகுதான் இங்கே வர வேண்டும். திரையில் இரண்டு எண்களைப் பாருங்கள். எச்டபிள்யூ என்பது சிப் தப்பாகப் போட்ட கணக்குகள். டபிள்யூயூ என்பது நிமிடத்துக்கு நடந்த உண்மையான வேலை. டபிள்யூயூவை 14-ஆல் வகுத்தால் ஜிகாஹாஷ் வரும். 134 ஜிகாஹாஷ் என்றால் 1,870-ஐ ஒட்டி இருக்க வேண்டும். மேலே கொட்டை எழுத்தில் காட்டும் வேகத்தைவிட எனக்கு இந்த எண்ணில்தான் நம்பிக்கை.

காம்பேக் எஃப் என்றால் 200-ல் தொடங்குங்கள். 25 மெகாஹெர்ட்ஸ் கூட்டுங்கள், அரை மணி நேரம் விடுங்கள், இரண்டு எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள். ஃப்ரீக்வன்சி ஏறியும் டபிள்யூயூ ஏறவில்லை, எச்டபிள்யூ மட்டும் ஏறுகிறது என்றால் சிப்புக்கு வோல்டேஜ் போதவில்லை. ஒரு படி இறங்கி அங்கேயே நின்றுவிடலாம். புதியவர்களுக்கு நான் சொல்வது அதைத்தான்.

இன்னும் ஏற்றித்தான் ஆக வேண்டும் என்றால் போர்டில் உள்ள பிரீசெட் என்ற சின்னத் திருகைத் திருப்பிக் கோர் வோல்டேஜைக் கூட்ட வேண்டும். பிளாஸ்டிக் முனை ஸ்க்ரூடிரைவர் எடுங்கள், மல்டிமீட்டரை வைத்துக்கொண்டே மயிரிழை மயிரிழையாகத் திருப்புங்கள். எந்தப் பக்கம் திருப்பினால் ஏறும் என்பதை மீட்டர் சொல்லட்டும், ஊகிக்க வேண்டாம். வெப்பம் ஃப்ரீக்வன்சிக்கு நேராகவும், வோல்டேஜின் வர்க்கத்துக்கு நேராகவும் ஏறும். இரண்டையும் 10 சதவீதம் கூட்டினால் வெப்பம் 33 சதவீதம் கூடும். கிடைக்கும் வேகம் 10 சதவீதம்தான்.

டியூன் செய்யச் சரியான நேரம் மத்தியானம் இரண்டு மணி. ராத்திரி குளிர்ச்சியில் செட் செய்தது சித்திரை வெயிலில் நிற்காது. ஹீட் சிங்க்கில் விரல் வைத்து மூன்று நொடி தாங்கவில்லை என்றால் ஃபேன் போதவில்லை. ஃபேனை ஹீட் சிங்க் தகடுகளின் இடைவெளி வழியாகக் காற்று போகும்படி பக்கவாட்டில் வையுங்கள். கைக்குத் தாங்கும் சூடு, நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைந்த எச்டபிள்யூ, 4.75-க்கு மேல் வோல்ட். மூன்றும் ஒரு முழு மத்தியானம் நின்றால் அந்த ஃப்ரீக்வன்சியை அப்படியே விட்டுவிடுங்கள்.

படி 7: கரன்ட் போய் வந்தால்

காற்று மாதங்களில் கரன்ட் போவது வழக்கம். திரும்பி வரும்போது ஒரு கணம் தூக்கி அடிக்கும். ஹப் அடாப்டரை ஸ்பைக் கார்டில் சொருகுங்கள். ராஸ்பெரி பையில் மைனரைத் தானாகத் தொடங்கும் சர்வீஸாகப் போட்டு, தொடங்குவதற்கு முன் 60 நொடி காத்திருக்கச் சொல்லுங்கள். ரவுட்டர் எழுந்து நெட் பிடிக்க அந்த நேரம் வேண்டும். அப்படிப் போட்ட பிறகு மெயின் ஸ்விட்சை நீங்களே ஒருமுறை அணைத்துப் போட்டு, கை வைக்காமல் குச்சி மறுபடி ஓடுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.