வானம் தோண்டும்போது வரும் சிக்கல்கள்: முதல்முறை வீடு கட்டுவோருக்கு

டைல்ஸ் கடைகளில் அலையும் நேரத்தில் பாதியை வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டும் நாட்களில் குழிக்கருகே செலவழியுங்கள். சுவர் கோணலானால் இடித்துக் கட்டிவிடலாம். மண்ணுக்கடியில் போன கான்கிரீட்டை அப்படித் திருத்த முடியாது.

படி 1: மண் பரிசோதனை

'பக்கத்து வீடெல்லாம் நிக்குதே, டெஸ்ட் எதுக்கு?' என்பார்கள். காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். கரிசல் மண் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். அதில் ஆழமில்லாத அஸ்திவாரம் போட்டால் சுவர்கள் விரிசல் விடும். மண் கொட்டி மேடாக்கிய மனையா? கொட்டிய மண்ணைத் தாண்டி, கெட்டியான இயல்மண் தட்டுப்படும்வரை இறங்க வேண்டும்.

படி 2: மார்க்கிங்

நூல் கட்டியதும் மூலைமட்டத்தை நீங்களே சோதிக்கலாம். மூலையிலிருந்து ஒரு நூலில் 6 அடி, இன்னொன்றில் 8 அடி குறியுங்கள். இரண்டு குறிகளுக்கும் நடுவே சரியாக 10 அடி வர வேண்டும். மூலைவிட்டங்கள் இரண்டும் சமமாக இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

படி 3: தோண்டுதல்

எடுத்த மண்ணைக் குழியின் விளிம்பிலேயே குவிக்க விடாதீர்கள். ஒரு மீட்டராவது தள்ளிப் போடட்டும். ஆழம் 1.5 மீட்டரைத் தாண்டினால் பக்கங்களுக்கு முட்டுக் கொடுக்காமல் ஆளை இறக்கக் கூடாது.

படி 4: குழியின் அடி

சண்டை வருவது இங்கேதான். இரவு மழை பெய்து குழியில் தண்ணீர் நிற்கும். கலவை மிஷினும் ஆட்களும் வந்துவிட்டிருப்பார்கள். 'கான்கிரீட் போட்டா தண்ணி தானா மேல வந்துடும் சார்' என்று மேஸ்திரி சொல்வார். ஒப்புக்கொள்ளாதீர்கள். தேங்கிய தண்ணீரில் கொட்டினால் சிமென்ட் பால் பிரிந்துபோய், அந்த இடம் வலுவில்லாத ஜல்லிக் குவியலாகிவிடும். ஃபுட்டிங்குக்கு (தூணைத் தாங்கும் அடிக் கான்கிரீட்) வெளியே ஓரமாக ஒரு சிறு பள்ளம் வெட்டி, தண்ணீரை அதில் வடியவிட்டு மோட்டாரால் இறையுங்கள். வற்றியதும் சேற்றைக் கெட்டி மண் வரை வழித்தெடுக்க வேண்டும்.

வழித்த இடம் தாழ்ந்திருந்தால் தளர்ந்த மண்ணைப் போட்டுச் சமன்செய்வது பலர் செய்யும் குறுக்குவழி. பாரம் ஏறியதும் அந்த இடம் மட்டும் அமுங்கும். வீடு முழுக்க ஒரே அளவாகச் சிறிது இறங்கினால்கூடத் தாங்கும். ஒரு தூண் மட்டும் இறங்கினால் சுவர் பிளக்கும். ஆகவே அந்தப் பள்ளத்தைக் கான்கிரீட்டாலேயே நிரப்புங்கள். பழைய கிணறோ செப்டிக் டேங்கோ தென்பட்டால் வேலையை நிறுத்திவிட்டு இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். இது மேஸ்திரி முடிவெடுக்கும் விஷயமல்ல.

படி 5: கான்கிரீட்

முதலில் 4 அங்குலம் பி.சி.சி. (கம்பியில்லாத கான்கிரீட்). அதன்மேல் கம்பி வலை, அடியில் 50 மில்லிமீட்டர் கவர் பிளாக் (கம்பியைத் தூக்கிப் பிடிக்கும் சிறு கான்கிரீட் கட்டை). கவர் பிளாக்குக்குப் பதிலாகச் செங்கல் துண்டு வைத்தால் எடுக்கச் சொல்லுங்கள். அது ஈரத்தை உறிஞ்சிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். கான்கிரீட் போட்டபின் குறைந்தது 7 நாள் தண்ணீர் விட்டு ஈரமாகவே வைத்திருங்கள்.

படி 6: மண் நிரப்புதல்

ஒரேயடியாகக் கொட்டாமல், 15 முதல் 20 சென்டிமீட்டர் அடுக்காகப் போட்டு, ஈரப்படுத்தித் திமிசு போட்டு (இடித்து) இறுக்க வேண்டும். தோண்டியது கரிசல் மண்ணென்றால் தரைக்கு அடியில் அதையே திரும்பக் கொட்டாமல் கிராவல் வாங்கி நிரப்புங்கள்.