சாரலில் 400 பிலிமை 1600 ஆக எடுக்க

செங்கோட்டை தாண்டிப் புளியரை மலைப்பாதையில் ஏறினால், ஆடிச் சாரலில் பட்டப்பகலிலேயே வெளிச்சம் மங்கிவிடும். இல்போர்டு எச்பி5 பிளஸ், ஒளியை உணரும் வேகம் (ஐஎஸ்ஓ) 400 உள்ள கறுப்பு வெள்ளைப் பிலிம்தான். ஆனாலும் கேமராவில் 1600 என்று வைத்து எடுங்கள். ஷட்டரில் இரண்டு படி, அதாவது நான்கு மடங்கு, வேகம் கிடைக்கும். ரோல் முழுவதும் அதே அளவு இருக்கட்டும், கழுவும்போது எல்லாப் படத்துக்கும் ஒரே நேரம்தானே. பிலிமில் படத்தை வரவழைக்கும் ஐடி-11 டெவலப்பர் கரைசலில் மேற்கொண்டு நீர் கலக்காமல், 20 டிகிரியில், ஏழரை நிமிடத்துக்குப் பதில் 14 நிமிடம் வையுங்கள்.

எங்கள் ஊர்க் குழாய்த் தண்ணீர் மழையிலும் 20 டிகிரிக்கு இறங்காது. அதற்காக ஐஸ்கட்டியைக் கரைசலுக்குள்ளேயே போட்டுவிடாதீர்கள். நான் போட்டிருக்கிறேன், கரைசல் நீர்த்து, நெகட்டிவ் வெளிறிப்போனது. வாளியில் ஐஸ் தண்ணீர் ஊற்றி, பாட்டிலை மூடி அதில் நிறுத்தினால் போதும்.

ஒன்று, கூடுதல் நிமிடங்கள் வெளிச்சமான பகுதியைத்தான் அடர்த்தியாக்கும். நிழலில் பதியாததை வரவழைக்காது. டீக்கடைக்காரரின் வேட்டியும் பாய்லர் ஆவியும் பளிச்சென்று வந்தன, அவருக்குப் பின்னால் இருந்த வாழைத்தார் வெறும் கறுப்பு. எனக்கு அந்தக் கறுப்பும் பிடித்துத்தான் இருந்தது. முகம் தெரிய வேண்டுமென்றால் முகத்தருகே போய் ஒளி அளக்கும் மீட்டர் பாருங்கள். வானத்தைச் சேர்த்து அளக்காதீர்கள்.