புது ஏர் பிஸ்டல் கையில் வந்ததும் சுடுதளத்தில் செய்யக்கூடாதவை

ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் கொடுத்து மொரினியோ ஸ்டெயரோ வால்தரோ கம்பெனி ஏர் பிஸ்டல் வாங்கிவிட்டு, மறுநாளே சுடுதளத்துக்குப் போய் அறுபது ரவுண்டு சுட்டு ஸ்கோர் எழுதிப் பார்ப்பதுதான் பெரும்பாலானோர் செய்யும் முதல் வேலை. பழைய கிளப் பிஸ்டலில் 600க்கு 540 வந்துகொண்டிருந்தது, புதியதில் 525தான் வந்தது என்றதும் மனசு உடைந்துவிடும். உடனே ரியர் சைட்டை, அதாவது குறிபார்க்கும் பின்பக்கப் பள்ளத்தைத் திருகுவார்கள், ட்ரிகரைத் தளர்த்துவார்கள், கிரிப்பை (கைப்பிடியை)ச் சாய்ப்பார்கள், பெல்லட்டையும் (குண்டையும்) மாற்றுவார்கள், எல்லாம் ஒரே மாலையில். எது எதைக் கெடுத்தது என்று அதன் பிறகு கோச்சால்கூடச் சொல்ல முடியாது. புது பிஸ்டலில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், அடுத்ததைத் தொடுவதற்கு முன் நாலைந்து நாளாவது சுட்டுப் பாருங்கள். இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

முதலில் பாதுகாப்பு, ஏனென்றால் புது பிஸ்டலில்தான் பழகிய கை தடுமாறும். ஒவ்வொரு கம்பெனியும் லோடிங் லிவரை ஒவ்வொரு இடத்தில் வைத்திருக்கும், திறக்கும் விதமும் மாறும். கை அதைத் தேடும்போது பேரல் மெதுவாக இடது பக்கம் திரும்பும், அங்கே அடுத்த லேனில் ஒருவர் நின்றுகொண்டிருப்பார். லிவரைத் திறப்பதும் மூடுவதும் பேரல் டார்கெட்டைப் பார்த்தபடி, மேசைக்கு மேலேயே நடக்க வேண்டும். இதைவிட அடிக்கடி பார்ப்பது வேறொன்று. பெல்லட் சரியாக உட்காராமல் ஏதோ சிக்கிக்கொள்ளும், உடனே "சார், இது சுட மாட்டேங்குது" என்று பிஸ்டலைக் கையில் பிடித்தபடியே முழுதாகப் பின்னால் திரும்புவார்கள். பேரலும் கூடவே திரும்பி, பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரையும் ஒருமுறை பார்த்துவிடும். சிக்கினால் பிஸ்டலை மேசையில் டார்கெட் பக்கமாகவே வைத்துவிட்டு, இன்னொரு கையைத் தூக்கிக் கூப்பிடுங்கள், கோச் வருவார்.

பேரலுக்குள் நீளமாகப் போய் இரு முனையிலும் வெளியே தெரியும் ஆரஞ்சு நிறக் கயிறு, அதாவது சேஃப்டி ஃப்ளாக், போட்டியில் மட்டும் போடுவதற்கானது என்று நினைப்பவர்கள் உண்டு. சுடாத நேரமெல்லாம் அது உள்ளேதான் இருக்க வேண்டும்.

"ஏர் பிஸ்டல்தானே, லைசென்ஸே வேண்டாமே" என்ற அலட்சியமும் ஆபத்து. 4.5 மி.மீ. குழல் விட்டத்துக்குள்ளும் 20 ஜூலுக்குள்ளும் இருக்கும் காற்றுத் துப்பாக்கிக்கு இந்தியாவில் ஆயுத உரிமம் தேவையில்லை என்பது உண்மைதான், போட்டிப் பிஸ்டலில் அந்தச் சக்தியில் பாதிகூட வராது. ஆனாலும் பெல்லட் வினாடிக்குச் சுமார் 150 மீட்டர் வேகத்தில் போகிறது, ஒரு கண்ணைப் பறிக்க அது தாராளமாகப் போதும். மொட்டை மாடியில் தேங்காய் மட்டையை நிறுத்திச் சுட்டுப் பழகுவது எல்லாம் வேண்டவே வேண்டாம்.

அடுத்தது கிரிப். பணத்தை அதிகம் வீணாக்கும் தவறு இங்கேதான் நடக்கிறது. பெட்டியைத் திறந்ததும் வரும் மரக் கிரிப் உங்கள் கைக்குச் செய்யப்பட்டதல்ல, சிறியது, நடுத்தரம், பெரியது என்று பொதுவாகச் செய்தது. கை அதில் எங்கே அழுந்துகிறது, எங்கே காலியாக இருக்கிறது என்று பார்க்காமலேயே மாதக்கணக்கில் சுடுகிறார்கள். இதைச் சோதிக்க ஒரு பெல்லட்கூடத் தேவையில்லை. பிஸ்டல் காலியாக இருப்பதை உறுதி செய்துவிட்டு உங்கள் லேனில் நில்லுங்கள், கண்ணை மூடி, வழக்கம்போல் கையைத் தூக்கி டார்கெட்டை நோக்கி நீட்டி, இரண்டு மூச்சு விட்டு, அப்புறம் கண்ணைத் திறங்கள். பேரல் முனையில் இருக்கும் ஃப்ரன்ட் சைட், ரியர் சைட் பள்ளத்தின் நடுவில், மேல் விளிம்புகள் சமமாக நிற்கிறதா? இடப்பக்கமோ வலப்பக்கமோ ஒட்டிக்கொண்டு நின்றால், மணிக்கட்டை முறுக்கி அதைச் சரிசெய்யாதீர்கள். மணிக்கட்டால் சரிசெய்தது முப்பதாவது ஷாட்டில் கை களைத்ததும் பழைய இடத்துக்கே போய்விடும். கிரிப்பின் கோணத்தை மாற்றும் ஸ்க்ரூவைக் கொஞ்சமாகத் திருப்பி மறுபடி கண்ணை மூடித் தூக்குங்கள். பத்துத் தடவை தூக்கினால் எட்டுத் தடவையாவது சைட் தானாக நடுவில் வந்து நிற்கும்வரை குண்டு போடவே வேண்டாம்.

அரத்தை எடுத்து மரத்தைத் தேய்ப்பது அதற்கும் பிறகு. தேய்ப்பதற்கு முன் மரப் பட்டி (வுட் புட்டி) வைத்து நிரப்பிப் பாருங்கள், பட்டி பிடிக்காவிட்டால் உரித்துவிடலாம், தேய்த்த மரம் திரும்ப வராது. கையை அழுத்திப் பிடிக்கும் அடிப்பகுதித் தாங்கியை ரொம்ப இறுக்கி வைப்பவர்களும் உண்டு. கை நடுங்காது என்று நம்பித்தான் செய்கிறார்கள், ஆனால் உள்ளங்கை நசுங்கி விரல் மரத்துப்போய், ட்ரிகரில் இருக்கும் விரலுக்கு உணர்வே போய்விடும்.

சைட் விஷயத்தில் ஒவ்வொரு ஷாட்டுக்கும் திருகுவது பெரிய வியாதி. ஒரு குண்டு இடப்பக்கம் எட்டுப் புள்ளி வளையத்தில் விழுந்தது, நாலு க்ளிக் வலது. அடுத்தது வலப்பக்கம் எட்டு, திரும்ப நாலு க்ளிக் இடது. இப்படியே பெல்லட் டப்பா காலியாகும். பத்து ஷாட் சுடுங்கள், அந்தப் பத்தும் சேர்ந்த கூட்டத்தின் நடு எங்கே இருக்கிறது என்று பாருங்கள், அதை மட்டும் நகர்த்துங்கள். கூட்டமே சேராமல் சிதறினால் சைட்டைத் தொடவே கூடாது, அது சைட்டின் பிரச்சினை இல்லை. இன்னொன்று, சில ஐரோப்பியப் பிஸ்டல்களில் ஸ்க்ரூவில் இருக்கும் 'ஆர்' எழுத்து "குண்டு வலப்பக்கம் விழுந்தால் இந்தப் பக்கம் திருப்பு" என்று சொல்லும், சிலவற்றில் "குண்டை வலப்பக்கம் நகர்த்த இந்தப் பக்கம்" என்று சொல்லும். இரண்டும் நேர் எதிர். முதல் நாளே ஐந்து க்ளிக் திருப்பி ஐந்து ஷாட் சுட்டு, குண்டு எந்தப் பக்கம் போகிறது என்று நோட்டில் எழுதிவிடுங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் ஸ்கோர் வரவில்லை என்றால் கண் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். புது பிஸ்டலில் நல்ல சைட் இருக்கிறது என்ற ஆசையில் டார்கெட்டின் கறுப்பு வட்டத்தைக் கூர்மையாகப் பார்ப்பார்கள். கணக்கைப் பாருங்கள். இரண்டு சைட்டுக்கும் இடையே சுமார் 320 மி.மீ. தூரம், டார்கெட் 10 மீட்டரில். ரியர் பள்ளத்துக்குள் ஃப்ரன்ட் சைட் 1 மி.மீ. விலகினால் டார்கெட்டில் குண்டு 3 செ.மீ.க்கு மேல் விலகும், பத்துக்குப் போக வேண்டியது ஏழில் விழும். அதுவே இரண்டு சைட்டும் ஒழுங்காகச் சேர்ந்திருந்து, கை மொத்தமாக 1 மி.மீ. ஆடினால், டார்கெட்டிலும் 1 மி.மீ. மட்டுமே. பத்து வளையத்தின் விட்டம் 11.5 மி.மீ., அந்த ஆட்டத்துக்கு அதில் நிறைய இடமிருக்கிறது. ஆகவே ஃப்ரன்ட் சைட் கத்தி விளிம்பு மாதிரி தெரியட்டும், கறுப்பு வட்டம் மங்கலாகவே இருக்கட்டும், கை லேசாக ஆடுவதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்.

ட்ரிகரைப் பற்றிச் சுருக்கமாக. ஐ.எஸ்.எஸ்.எஃப். (சர்வதேசத் துப்பாக்கி சுடும் விளையாட்டுக் கூட்டமைப்பு) விதிப்படி ட்ரிகர் குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும். தொட்டாலே வெடிக்கிற மாதிரி வைத்துக்கொள்ளும் ஆசையில் அதற்குக் கீழே இறக்கிவிட்டு, போட்டியன்று எடைச் சோதனையில் மாட்டிக்கொண்டு, அவசரமாக ஏற்றி, பழகாத ட்ரிகரோடு சுடுபவர்கள் ஒவ்வொரு மாவட்டப் போட்டியிலும் இருக்கிறார்கள். பயிற்சியிலேயே 500க்குச் சற்று மேலே வையுங்கள். ட்ரிகர் இழுப்பு இரண்டு கட்டமாக இருக்கும், முதல் கட்ட எடையை அதிகமாகவும், கடைசியில் மிஞ்சும் அழுத்தத்தைக் குறைவாகவும் பிரித்து வைத்தால் புதியவர்களுக்கு எளிது.

அழுத்தக் காற்று நிரப்பும் சிலிண்டரை 200 பார் அழுத்தத்துக்கு மேல் ஏற்றாதீர்கள், வால்வை மெதுவாகத் திறந்து நிரப்புங்கள், வேகமாக நிரப்பினால் சூடாகி, ஆறியதும் அழுத்தம் இறங்கிவிடும். அதில் பொறித்திருக்கும் தயாரிப்பு மாதத்தைப் பாருங்கள், பழையதாக வாங்கும்போது ரொம்ப முக்கியம், பத்து வருடம் தாண்டியதைப் பயன்படுத்தக்கூடாது. வெயிலில் நிற்கும் காருக்குள் போட்டுவிட்டுப் போகாதீர்கள்.

பெல்லட் ஈயம். சுட்ட கையோடு பிஸ்கெட்டோ முறுக்கோ எடுத்துச் சாப்பிடுவது சுடுதளங்களில் சர்வசாதாரணமாக நடக்கிறது, குழந்தைகள்கூடச் செய்கிறார்கள், பெற்றோர் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் வாயில் வைக்கக்கூடாது, இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

பயிற்சியின் அளவிலும் தப்பு நடக்கிறது. கிட்டத்தட்ட ஒரு கிலோ எடையை ஒற்றைக் கையில் நீட்டிப் பிடிக்கும் விளையாட்டு இது. புது பிஸ்டல் குஷியில் முதல் நாளே இருநூறு ஷாட் சுட்டால், கடைசி நூறும் களைத்த தோளுக்குத் தப்பைச் சொல்லிக்கொடுப்பதுதான். முதல் இரண்டு வாரம் பாதி நேரத்துக்கு மேல் வெள்ளைச் சுவரைப் பார்த்து டிரை ஃபயர், அதாவது பெல்லட் இல்லாமல் ட்ரிகர் இழுக்கும் பயிற்சி செய்யுங்கள். கையை நீட்டிப் பத்து வினாடிக்குள் ஷாட் போகவில்லையா, இறக்கிவிடுங்கள். இறக்குவது தோல்வி இல்லை. போட்டியில் 60 ஷாட்டுக்கு 75 நிமிடம் தருகிறார்கள், இறக்கித் தூக்க நேரம் இருக்கிறது.

கடைசியாக, பிஸ்டல் பழுதானால் என்ன செய்வது என்று தெரியாமலே போட்டிக்குப் போவது. டோக்கியோ ஒலிம்பிக்கில் 2021 ஜூலை 25 அன்று பெண்கள் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் தகுதிச் சுற்றின் நடுவில் மனு பாக்கரின் பிஸ்டல் பழுதானது. அதைச் சரிசெய்து திரும்பி வருவதற்குள் பல நிமிடங்கள் போய்விட, மீதி ஷாட்களை நேர நெருக்கடியில் சுட்டு 575 எடுத்து 12ஆவது இடத்தில் முடித்தார், இரண்டு புள்ளியில் இறுதிச் சுற்று கைநழுவியது. அவர் 2024இல் பாரிஸில் இதே பிரிவில் வெண்கலம் வென்றார். உலகத் தரத்தில் ஆடுபவருக்கே இப்படி நடக்கும் என்றால், நீங்கள் புது பிஸ்டலை வாங்கிய மாதத்திலேயே அதற்கான அலன் கீ செட், மாற்று சிலிண்டர், எலெக்ட்ரானிக் ட்ரிகர் என்றால் மாற்று பேட்டரி எல்லாவற்றையும் பெட்டியில் வைத்துக்கொண்டு, அவற்றை வீட்டில் மாற்றிப் பழகிவிட வேண்டும். பழைய பிஸ்டலை உடனே விற்றுவிடாதீர்கள். புதியதில் பயிற்சி ஸ்கோர் பழையதைத் தாண்டி ஒரு மாதமாவது நிலையாக நின்ற பிறகு போட்டிக்கு எடுத்துப் போங்கள், அதுவரை பதிவு செய்த போட்டிகளைப் பழையதிலேயே சுடலாம்.