கறள் பிடித்த மொறிஸ் மைனரைக் குறைந்த செலவில் மீட்பது: அடித்தளத்திலிருந்து தொடங்குங்கள்

திருகோணமலையில் பழைய மொறிஸ் மைனர் பார்க்கப் போகிறவர் முதலில் குனிந்து அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். எஞ்சின் பிறகு. 948 சிசியோ 1098 சிசியோ, பழகிய மெக்கானிக் பாஸ் ஒருவர் கழற்றிப் பூட்டித் தருவார். பாகத்துக்குக் கொழும்பில் பஞ்சிகாவத்தைக் கடைகள் இருக்கின்றன. ஆனால் இந்தக் காருக்குத் தனிச் செசி கிடையாது, பாடிதான் செசி. தளத் தகடும் கதவுக்குக் கீழே ஓடும் சில் பெட்டியும் இற்றுவிட்டால் காரைத் தாங்க வேறொன்றும் இல்லை. டச்பே, திருக்கடலூர், உப்புவெளி என்று கடலோரத்தில் வெளியில் நின்ற கார் என்றால் பெயின்ற் மினுங்குவதைப் பார்த்து விலை பேசாதீர்கள்.

வாங்க முன்

ஒரு காந்தமும் பழைய ஸ்க்ரூட்ரைவரும் போதும். முன் சீற்றுக்கு அடியில் குறுக்கே ஓடும் சட்டத்தின் இரு நுனி, ஜக் வைக்கும் இடம், பின் வில்தகடு தொங்கும் இடம், டிக்கித் தளம். இந்த நான்கையும் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு கணீரென்று கேட்கும், இற்றது பொத்தென்று கேட்கும். காந்தம் ஒட்டாவிட்டால் உள்ளே பட்டியோ (ஓட்டையை அடைக்கும் பூச்சு) ஃபைபர் கிளாஸோ இருக்கிறது.

ஃபைபர் இங்கே தனிப் பிரச்சினை. படகு திருத்துகிற ஊர், ரெசினும் ஃபைபர் பாயும் கைக்கெட்டிய தூரத்தில். தளத்து ஓட்டையை ஒரே பின்னேரத்தில் மூடித் தருவார்கள், மலிவாகவும் முடியும். படகுக்கு அது சரி. காரில் அது பாரம் தாங்காது, பின்னால் உப்பு ஈரத்தைப் பிடித்து வைத்து மிச்சத் தகட்டையும் தின்னும். ஃபைபர் போட்ட தளம் என்றால், முழுத் தளமும் மாற்ற வேண்டும் என்று கணக்கிட்டே விலை கேளுங்கள்.

செசி இலக்கம் பதிவுப் புத்தகத்தோடு ஒத்துப்போகாவிட்டால் கார் எவ்வளவு நல்லதானாலும் விட்டுவிடுங்கள்.

வெட்ட முன்: பலரும் தவறவிடும் படி

பற்றரியைக் கழற்றுங்கள். பெற்றோல் டாங்கை இறக்கி வெளியே வையுங்கள். சீற்று, கம்பளம், அடியில் ஒட்டிய சணல் எல்லாம் வெளியே. ஒரு வாளி தண்ணீரும் ஈரச் சாக்கும் பக்கத்தில் இருக்கட்டும்.

இனிக் கதவு. கதவு மூடியிருக்கும்போது சுற்றியுள்ள இடைவெளியை மேலே, கீழே, முன்னே, பின்னே அளந்து, மாஸ்கிங் ரேப்பில் எழுதிக் கதவிலேயே ஒட்டிவிடுங்கள். பிறகு கதவைக் கழற்றி, முன் தூணிலிருந்து நடுத் தூணுக்கு 25 மில்லிமீற்றர் பொக்ஸ் பார் (சதுர இரும்புக் குழாய்) இரண்டைக் குறுக்கே வெல்ட் செய்யுங்கள். காரின் பாரம் சில்லுகளில் அல்லது அச்சுக்கு அடியில் வைத்த ஸ்ராண்டில் இருக்க வேண்டும். நடு வயிற்றில் ஜக் கொடுத்துத் தூக்கியபடி சில் பெட்டியை வெட்டினால் கார் வளைந்த நிலையிலேயே புதுத் தகடு பூட்டுப்படும். பிறகு கதவு ஒருநாளும் ஒழுங்காக மூடாது. தாங்கல் இல்லாமல் வெட்டினால் பாடி நடுவில் தொய்யும். அப்போது கதவின் மேல் இடைவெளி ஒடுங்கிக் கீழ் இடைவெளி விரியும். இதைப் பெயின்ற் அடித்த பிறகு கண்டுபிடிப்பவர்களே அதிகம்.

ஒரு பக்கம் முடிந்த பிறகே மறுபக்கம். இரண்டையும் ஒரே நாளில் வெட்டுவோம் என்று சொல்லும் பாஸிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

தகடும் வெல்டிங்கும்

தளத்துக்கு 1.2 மில்லிமீற்றர் இரும்புத் தகடு, குறுக்குச் சட்டத்துக்கும் ஜக் இடத்துக்கும் 1.6. கூரைக்கு விற்கும் நாகத் தகடு மலிவுதான், ஆனால் வெல்ட் செய்தால் வரும் வெள்ளைப் புகை நெஞ்சைக் கெடுக்கும், வெல்டும் ஒழுங்காகப் பிடிக்காது.

வெல்டர் மிக் (MIG, கம்பியும் வாயுவும் தானாக வரும் வகை) தான், 0.6 அல்லது 0.8 மில்லிமீற்றர் கம்பி. சாதாரண ஆர்க்கில் குச்சி வைத்தால் மெல்லிய தகடு பொத்துப்போகும். கையில் மிக் இல்லையென்றால் நாள் கூலிக்கு எடுப்பது, ஆர்க்கில் செய்து பிறகு திருத்துவதைவிட மலிவு. நீளமாக இழுக்க வேண்டாம். 25 மில்லிமீற்றருக்கு ஒரு புள்ளி, ஒரு முனையில் ஒன்று, மறுமுனையில் ஒன்று என்று தள்ளித் தள்ளி வையுங்கள். சூடு ஓரிடத்தில் சேர்ந்தால் தகடு அலைபோல் நெளியும். சில புள்ளி வைத்ததும் கதவை மாட்டி எழுதிய அளவோடு பாருங்கள். சரியென்றால் மட்டும் இடைவெளிகளை நிரப்புங்கள்.

கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் வெயில் நல்லது, காற்று கெட்டது. திறந்த கொட்டிலில் காற்று மிக் வாயுவை அடித்துக்கொண்டு போக, வெல்ட் கடற்பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையாக வரும். படங்கு கட்டி மறையுங்கள், அல்லது காலையில் காற்றெழும்ப முன் முடியுங்கள். வாடை மழை தொடங்கிய பிறகு பெயின்ற் வேலையைத் தொடவே வேண்டாம்.

உப்பை எடுக்காமல் பிரைமர் அடிக்காதீர்கள்

கம்பித் தூரிகையால் தேய்த்த தகடு வெள்ளையாகத் தெரிந்தாலும் குழிகளுக்குள் உப்பு இருக்கும். குழாய்த் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். கரையோரக் கிணற்றுத் தண்ணீர் உவராக இருந்தால் கழுவாமல் விடுவதே மேல். காய்ந்ததும் பொஸ்பாரிக் அமிலம் கலந்த கறள் நீக்கி, பிறகு அதன் போத்தலில் சொன்னபடி துடைத்து, அன்றைக்கே எப்பொக்சி பிரைமர். இரவு வெறுந்தகடாக விட்டால் விடிய மஞ்சள் படிந்திருக்கும்.

றெட் ஒக்சைட் பிரைமர் போதாதா என்று கேட்பார்கள். அது ஈரத்தை உள்ளே விடும். மேலே பெயின்ற் அடிக்கும்வரை தாங்கும், அவ்வளவுதான். காசு மிச்சம் பிடிப்பதென்றால் மேல் நிறத்தில் பிடியுங்கள், பிரைமரில் வேண்டாம். பொருத்துகளுக்குச் சீம் சீலர், சில் பெட்டிக்குள் மெழுகு. கறளுக்கு மேலேயே தார் அண்டர்சீல் பூசுவது கறளுக்குப் போர்வை போர்த்துவது. சில் பெட்டியின் அடியிலுள்ள வடிகால் துளைகளைச் சீலரால் அடைத்துவிடாதீர்கள்.

தளம் திறந்திருக்கும்போதே

பிறேக் மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலடியில், சட்டத்துக்குள் இருக்கிறது. அதன் போல்ட்டை வெளியே இழுக்க விடாமல் முன்பக்கச் சஸ்பென்ஷனின் டோர்ஷன் பார் (முறுக்குக் கம்பி) குறுக்கே நிற்கும். சிலிண்டரை இப்போதே கழற்றிப் புது றப்பர்க் கிட் போடுங்கள். திரும்பப் பூட்டும்போது போல்ட்டுகளை எதிர்ப்பக்கத்திலிருந்து செருகினால் அடுத்த முறை பாரைத் தொடாமலே எடுக்கலாம். பிறேக் எண்ணெய் புதுப் பெயின்றை உரிக்கும், சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள்.

முன் சில்லைச் சஸ்பென்ஷனோடு பிடிக்கும் திருகு மூட்டில் (ட்ரனியன்) ஆட்டம் இருந்தால் அதையும் இப்போதே மாற்றுங்கள். அது கழன்றால் சில்லு மடிந்து கார் தெருவில் படுத்துவிடும்.

பிறகு சேர்த்தது: எல்ஈடி விளக்கும் ரேடியோவும் போட்டதும் ஃபியூஸ் போகிறது என்று கேட்டிருக்கிறார்கள். இந்தக் கார்கள் பொசிற்றிவ் ஏர்த்தாக, அதாவது பற்றரியின் பொசிற்றிவ் முனை பாடியோடு பூட்டி வந்தவை. புதுச் சாமான்கள் நெகற்றிவ் ஏர்த்துக்குச் செய்தவை. பற்றரி முனைகளை மாற்றி, இக்னிஷன் கொயிலின் வயர்களையும் இடம் மாற்றி, டைனமோவின் எஃப் முனைக்குப் பற்றரியின் பொசிற்றிவிலிருந்து ஒரு வயரை ஒரு கணம் தொட்டெடுங்கள். அப்போது எஃப் முனையின் சொந்த வயர் கழன்றிருக்க வேண்டும். ஓல்டர்னேற்றர் போடுபவர்களுக்கு இந்த டைனமோ வேலை தேவையில்லை. நிறத்தையோ எஞ்சினையோ மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவைத் திருத்த மறக்காதீர்கள்.