யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கில் பிஸ்டன் மாற்றும்போது அந்தச் சின்ன லாக்கை எப்படிப் போடுவது?

இன்ஜின் ஹெட்டையும் சிலிண்டர் பிளாக்கையும் கழற்றிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். அதற்குப் பிறகுதான் எனக்கு வினை வந்தது.

பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கிற பிஸ்டன் பின்னின் இரண்டு முனையிலும் வளைந்த கம்பியாக ஒரு லாக் இருக்கும். சர்க்லிப் என்று கேட்டாலும் கடையில் தருவார்கள். விலை டீக்காசுதான். அதை மிச்சம் பிடிக்கப் பழையதையே திரும்பப் போட்டேன். மேட்டுப்பாளையம் போய்விட்டுக் கோத்தகிரிக்கு ஏறும்போது, குஞ்சப்பனை தாண்டியதும் கரகரவென்று சத்தம். பிரித்தால், லாக் நழுவி உரசியதில் சிலிண்டர் சுவரில் நகம் மாட்டுகிற ஆழத்துக்குக் கோடு. பிளாக்கை ரீபோர் செய்ய, அதாவது உள்சுவரைக் கடைந்து பெரிதாக்க, வேண்டியதாயிற்று. ஒருமுறை வளைத்துக் கழற்றிய கம்பிக்குப் பழைய விறைப்பு இருக்காது. புது லாக் வாங்குங்கள், இரண்டு ஜோடியாக.

முதலில், பிளாக்கைக் கழற்றியதும் கீழே திறந்திருக்கும் கிராங்க் கேஸ் வாயைத் துணியால் அடையுங்கள். பனியன் வேஸ்ட் வேண்டாம், நூல் பிரியும். பழைய வேட்டித் துண்டு நல்லது. லாக்கை நெம்பும்போது கட்டைவிரலால் மறைத்துக்கொள்ளுங்கள். பிஸ்டன் பின் வரவில்லை என்று சுத்தியலால் தட்டினால் கனெக்டிங் ராடு வளையும்.

புது பிஸ்டனில் ஒரு பக்க லாக்கை மேஜையில் வைத்தே போட்டுவிடுங்கள், வண்டியில் கை எட்டாத பக்கத்துக்கு. ராடின் மேல்முனையில் பேரிங்கை ஆயிலோடு வைத்து, பிஸ்டன் தலையிலுள்ள அம்புக்குறி சைலன்சர் குழாய் மாட்டுகிற பக்கம் வருகிறாற்போல் பிடித்துப் பின்னைச் செருகுங்கள்.

இனி அந்த இரண்டாவது லாக். என்னுடையது நோஸ் பிளையரிலிருந்து துள்ளிப் பறந்தது. கிராங்க் கேஸுக்குள் விழுந்ததா, வெளியே போனதா தெரியாமல் இரண்டு மணி நேரம் டார்ச்சும் காந்தமுமாகத் தேடினேன். கடைசியில் அது என் ஸ்வெட்டரின் கை மடிப்பில் இருந்தது! இப்போதெல்லாம் பிஸ்டனையும் கையையும் சேர்த்து ஒரு பெரிய பிளாஸ்டிக் பைக்குள் விட்டுக்கொண்டுதான் போடுகிறேன். நோஸ் பிளையரையும் விட்டுவிட்டேன். கூடுதலாக அமுக்கி லாக்கைக் கெடுத்துவிடுகிறது. ஒரு முனையைக் காடியில் (பிஸ்டனில் லாக் உட்காருகிற வரிப்பள்ளம்) உட்கார வைத்து, மீதியைக் கட்டைவிரலாலும் சின்னத் திருப்புளியாலும் தள்ளினால் போதும். ‘டிக்’ என்று உட்காரும்.

லாக்கின் வாய், அதாவது அதன் இரு முனைக்கும் நடுவிலுள்ள இடைவெளி, நேர் மேலே அல்லது நேர் கீழே இருக்கட்டும். பிஸ்டன் மேலும் கீழும் அடித்துத் திரும்புகிற வேகத்தில், வாய் பக்கவாட்டில் இருந்தால் லாக்கின் ஒரு கை அமுங்கிக் காடியை விட்டு நழுவும். கழற்றுவதற்காக வெட்டியிருக்கும் பள்ளத்துக்கு நேராகவும் வாய் வரக்கூடாது. ஊசியால் சுற்றிலும் குத்திப் பாருங்கள். எங்கேயும் தூக்கி நிற்கக் கூடாது.

பிற்சேர்க்கை: சில செட்டில் லாக்குக்கு வால் இருக்கிறதே என்று கேட்டிருந்தார்கள். பிடித்து இழுக்கத்தான் அது.

கொடைக்கானலிலிருந்து ஒருவர், காலைக் குளிரில் பிஸ்டன் பின் உள்ளேயே போகவில்லை, அடுப்பில் காட்டலாமா என்றார். வேண்டாம். பிஸ்டனைக் கொதித்த தண்ணீரில் ஐந்து நிமிடம் போடுங்கள். அலுமினியம் இரும்பைவிட அதிகம் விரியும், பின் விரலுக்கே வழுக்கிப் போகும். முதலில் போட்ட லாக்கின் காடியில் தண்ணீர் தங்கும். அதைத் துடைத்து, 2டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் இன்ஜின் ஆயில்) தடவிவிட்டுச் செருகுங்கள்.