கல்லீரலில் எதிர்பாராமல் தெரியும் மாறுபாடுகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பித்தப்பைக் கல்லுக்காக லேப்ராஸ்கோப்பி (சிறு துளைகள் வழியே கேமரா செலுத்திச் செய்யும் ஆபரேஷன்) செய்யும்போது, ஸ்கேனில் பிடிபடாத கல்லீரல் மாறுபாடு ஒன்று திரையில் தென்படுவது அரிதாக நிகழும். புதிதாகத் தெரிவதையெல்லாம் நோய் என்று எண்ணிக் கத்தி வைப்பது அப்போது நேரக்கூடிய முதல் தவறு. வலது மடலிலிருந்து நாக்குப் போலக் கீழிறங்கும் நீட்சியை 1888-இல் ஜெர்மானிய அறுவை மருத்துவர் ரீடல் விவரித்தார். பெண்களிடம் கூடுதலாகக் காணப்படும் அந்த ரீடல் மடல் இயல்பான கல்லீரல் திசுவே என்பதால், தொந்தரவு தராதவரை அதைத் தொடாமல் விடுவதே முறை.

பித்தப்பையின் சுவரில் ஒட்டியிருக்கும் செம்பழுப்பு நிறச் சிறு கல்லீரல் துண்டின் கதை வேறு. அதற்குத் தனி இரத்தக்குழாய் இருக்கக்கூடும் என்பதால், பிய்த்தெடுக்க முயன்றால் இரத்தம் கசியும். அத்தகைய திசுவில் புற்றுநோய் உருவானதும் உண்டு. எனவே பித்தப்பையோடு சேர்த்தே எடுத்துப் பயாப்சிக்கு அனுப்ப வேண்டும்.

இவை எல்லாவற்றிலும் ஆபத்தானது இடப்பக்கப் பித்தப்பைதான். கல்லீரலிலிருந்து தொப்புளை நோக்கி வரும் தசைநாருக்கு இடப்புறம் பித்தப்பை அமைந்திருந்தாலும், அதன் குழாய் பெரும்பாலும் வலப்புறமாகவே, கல்லீரலின் பித்தநீரைக் குடலுக்குக் கொண்டுசெல்லும் பொதுப் பித்தக்குழாயைச் சேர்கிறது. பழகிய திசையை நம்பி வெட்டினால் பொதுக்குழாயே அறுபடலாம். பித்தப்பையின் அடிப்பகுதியைக் கல்லீரலிலிருந்து விடுவித்து, அதற்குள் நுழைபவை இரண்டே அமைப்புகள் (பித்தப்பையின் குழாயும் அதன் இரத்தக்குழாயும்) என்று உறுதியாகும்வரை எதையும் வெட்டக் கூடாது என்ற நெறியை அறுவை மருத்துவர் ஸ்ட்ராஸ்பெர்க் 1995-இல் வகுத்தார். அந்த உறுதி கிடைக்காதபோது வயிற்றைத் திறப்பதோ, பாதியில் நிறுத்துவதோ தோல்வி ஆகாது.

கண்டதை எழுதாமலும் சொல்லாமலும் விடுவது, தமிழக-கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைப் பக்கத்தில் வாழும் நம்மவர்க்குக் கூடுதல் இழப்பு. மார்த்தாண்டத்தில் ஸ்கேன், திருவனந்தபுரத்தில் ஆபரேஷன், பிறகு ஊரில் மாத்திரை என்று எல்லை தாண்டி அலைபவர்களுக்கு, டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘பித்தப்பை அகற்றப்பட்டது’ என்ற ஒரே வரி போதாது. சில ஆண்டுகள் கழித்து வேறொரு ஸ்கேனில் அதே மடல் ‘கட்டி’யாகத் தெரிந்தால், தேவையற்ற ஊசிச் சோதனையும் வீண் பயமும் வந்து சேரும். ஆகவே ஆபரேஷன் குறிப்பின் நகலையும் பயாப்சி அறிக்கையையும் தயங்காமல் கேட்டு வாங்கி, பழைய ஸ்கேன் படங்களுடன் ஒரே உறையில் வைத்திருங்கள். மலையாளத்தில் சொன்னது புரியவில்லையென்றால், வீட்டுக்குக் கிளம்பும் முன்பே மறுபடி கேளுங்கள்.

ஆபரேஷனுக்குப் பின் கண் மஞ்சளித்தாலோ, மலம் வெளுத்தாலோ, காய்ச்சலுடன் வயிறு வலித்தாலோ, சாதாரணக் காமாலை என்று கீழாநெல்லி அரைத்துக் குடித்து நாளைக் கடத்தாமல், ஆபரேஷன் நடந்த மருத்துவமனைக்கே உடனே திரும்புங்கள்.