சக்கர நாற்காலியில் இருக்கும்போது நரம்பு வலி கூடினால்

முள்ளந்தண்டு வடத்தில் காயமடைந்தோருக்கு, தொடுகை தெரியாத இடுப்பிலும் தொடையிலும்கூட எரிவும் சுரீரென்ற குத்தலும் எழுவதுண்டு. வீட்டார் இதைக் கற்பனை என ஒதுக்கலாகாது. காயமுற்ற நரம்புத் தொகுதி பிழையான சமிக்ஞைகளை எழுப்புவதால் உண்டாகும் மெய்யான வலியே இது.

15 முதல் 30 நிமிடங்களுக்கு ஒருமுறை பிரேக்கைப் பூட்டி, மார்பு தொடையை நோக்கிச் சாயுமாறு குனிந்து, ஏறத்தாழ 2 நிமிடங்கள் அப்படியே இருப்பது இருக்கையில் பதியும் உடற்பகுதியின் மீதான அழுத்தத்தைக் குறைக்கும். கைகளை ஊன்றி உடலை உயர்த்துவதைவிட இதுவே மேல் என்பேன். கைகளை ஊன்றியபடி நெடுநேரம் தாங்க இயலாது, தோள்மூட்டும் பழுதாகும். உடற்சமநிலை குறைந்தவர்கள் உறுதியான மேசையில் சாயலாம், அல்லது ஒருவர் பிடித்துக்கொள்ளலாம்.

இருக்கையில் போட்டுள்ள காற்று மெத்தையில் காற்று குறைந்துள்ளதா என நாள்தோறும் பார்க்க வேண்டும். உடுத்திருக்கும் சாரத்தின் மடிப்பும் பின்பொக்கற்றிலுள்ள பணப்பையும் அழுத்தும். திருகோணமலையில் கச்சான் எனும் வறண்ட சூடான காற்று வீசும் மாதங்களில் வெயிலில் விட்ட நாற்காலியின் இருக்கையை, உணர்வுள்ள ஒருவர் கையால் தொட்டுப் பார்த்த பின்னரே அமர வேண்டும். உணர்வற்ற தோல் வெந்தாலும் தெரியாது.

வலி திடீரெனக் கூடினால் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், அழுத்தப்புண் ஆகியவற்றைத் தேடுங்கள். நெஞ்சுப் பகுதியின் 6ஆவது முள்ளெலும்பு மட்டத்திலோ அதற்கு மேலோ காயமுள்ளவருக்குக் கடும் தலையிடியும் வியர்வையும் சேர்ந்து வந்தால், நிமிர்த்தி இருத்தி, இறுக்கமான உடையைத் தளர்த்தி, சிறுநீர் வெளியேறப் பொருத்திய குழாய் மடிந்துள்ளதா எனப் பார்த்து, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். நரம்பு வலிக்குத் தரப்படும் கபாபென்டின், பிரிகபலின் போன்ற மாத்திரைகளை வைத்தியரைக் கேளாமல் திடீரென நிறுத்தக் கூடாது.